சென்டம் போர்டு வேண்டாம், ரஃப் நோட்டைக் காட்டுங்கள்

(வாசகர் கேள்வி - பதில்)

"தனியார் பள்ளியில் உங்கள் பிள்ளைக்குக் கணக்கு எப்படிப் போகிறது?" என்று போன இதழில் ஓரமாக ஒரு வரி போட்டோம். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் படித்து முடிக்கவே எனக்கு நாலு நாள் ஆனது. பாதிக்கு மேல் அம்மாக்கள் எழுதியது, கொஞ்சம் மாணவர்கள், ஒரே ஒரு கணக்கு டீச்சர். நான் 26 வருடம் இரண்டு மெட்ரிக் பள்ளிகளில் கணக்கு எடுத்தவன், அதனால் கீழே சில பதில்களில் நானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

என் பெண் 11-ம் வகுப்பு, கணிதம் - உயிரியல் பிரிவு. செப்டம்பரிலேயே 11-ம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 12-ம் வகுப்புப் போர்ஷனை ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டால் "இப்பதான் லெவன்த்துக்கு பப்ளிக் கிடையாதே மேடம்" என்கிறார்கள். இது சரியா?
ஒரு தாய், ஈரோடு

சரியில்லை. ஆனால் புதுசும் இல்லை. 2017-18-ல் 11-ம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமே இந்தப் பழக்கம்தான். அதற்கு முன்னால் நான் வேலை பார்த்த பள்ளியில் (பெயர் எதற்கு, இன்றைக்கும் நன்றாகவே நடக்கிறது) ஜூன் மாதம் 11-ம் வகுப்பு முதல் நாளே மேஜை மேல் இருப்பது 12-ம் வகுப்புப் புத்தகமாகத்தான் இருக்கும். 11-ம் வகுப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குவார்கள், பிரவுன் அட்டை போடுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். முழு ஆண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அதில் 40 கணக்கை "இம்பார்ட்டன்ட்" என்று டிக் அடித்துக் கொடுப்போம், அதிலிருந்தே கேள்வி வரும், எல்லாரும் பாஸ். நானும் டிக் அடித்துக் கொடுத்தவன்தான்.

ஏன் அப்படிச் செய்தோம் என்றால், 2007-லிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, 12-ம் வகுப்பு மார்க்தான் கட்-ஆஃப். 200-க்குப் போடுகிற அந்தக் கட்-ஆஃபில் இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, கணக்குக்கு மட்டும் 100. 11-ம் வகுப்பு மார்க்குக்கு அங்கே ஒரு பைசா மதிப்பில்லை. ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் வைத்து அரைத்தால் சென்டம் கொட்டும், சென்டம் கொட்டினால் அடுத்த வருட அட்மிஷன் நிரம்பும். பள்ளிக்கூடத்துக்கு அது நல்ல வியாபாரம்தான்.

பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று உங்கள் பெண்ணின் புத்தகத்தைத் திறந்தே பார்க்கலாம். 12-ம் வகுப்பில் 9-வது பாடம் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பைத் தொகையிட்டுக் கண்டுபிடி என்று கேட்கும். தொகையிடல் என்றால் என்ன என்பது 11-ம் வகுப்பில் 11-வது பாடம். 12-ம் வகுப்பில் 4-வது பாடம் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள். முக்கோணவியலே 11-ம் வகுப்பில் 3-வது பாடம், அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேர்மாறுக்கு வந்தால் பிள்ளை என்ன செய்யும்? ஃபார்முலாவை ஒரு தாளில் எழுதி பாத்ரூம் கதவில் ஒட்டிக்கொள்ளும். மார்க்கும் வரும், அதுதான் இதில் உள்ள சூட்சுமம். 1200 மார்க் காலத்தில் என்னிடம் படித்துக் கணக்கில் 200-க்கு 200 வாங்கிய ஒரு பையன், முதல் வருடம் இன்ஜினியரிங் போய்த் தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்து முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், லிமிட்டுனா நிஜமாவே என்ன சார்?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு முறுக்கு இறங்கவில்லை.

இப்போது 2025 ஆகஸ்ட்டில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26-லிருந்து 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து பப்ளிக் என்பது பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கிறது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டை எடுத்த மறுநாளே உங்கள் பள்ளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் "மற்ற பேரன்ட்ஸ் யாரும் கேட்கலையே" என்பார்கள். நாலு பேர் சேர்ந்து போங்கள். "ஜேஇஇ-க்கு 11, 12 இரண்டு வருடப் பாடமும் உண்டே சார், எங்கள் பிள்ளை எழுதப்போகிறது, 11-ம் வகுப்புப் பாடத்தை எப்போது நடத்துவீர்கள்?" என்று கேளுங்கள், இந்த ஒரு கேள்விக்குத் தனியார் பள்ளிகள் கொஞ்சம் அசையும். அது வரைக்கும் வீட்டிலேயே 11-ம் வகுப்பின் 3, 9, 10, 11-வது பாடங்களையாவது பெண் போட்டு முடிக்கட்டும். புத்தகம் தொலைந்துபோயிருந்தால் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பையனை 6-ம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாற்றப் போகிறோம். எங்கள் ஊரில் மூன்று பள்ளிகள் போட்டி போடுகின்றன. கணக்கு நன்றாக நடத்தும் பள்ளி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
ஒரு தந்தை, மதுரை

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாட்டியிருக்கிற ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். "கணிதத்தில் 18 சென்டம்" என்று பிள்ளைகளின் போட்டோ இருக்கும். அந்தப் 18 பேரில் எத்தனை பேர் 6-ம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்தவர்கள், எத்தனை பேர் 10-ம் வகுப்பில் வேறு பள்ளியில் 490 வாங்கிய பிறகு ஃபீஸ் தள்ளுபடி கொடுத்துக் கூட்டிவரப்பட்டவர்கள் என்று கேளுங்கள். அப்புறம் 9-ம் வகுப்பு முடிவில் எத்தனை பேருக்கு "வேறு ஸ்கூல் பாத்துக்குங்க" என்று டிசி கொடுத்தார்கள் என்பதையும் ஆட்டோக்காரரிடமோ ஸ்டேஷனரி கடைக்காரரிடமோ விசாரியுங்கள், ஆபீஸில் சொல்ல மாட்டார்கள்.

நான் என்ன பார்ப்பேன் என்றால், அந்தப் பள்ளியில் படிக்கிற 8 அல்லது 9-ம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தெரிந்தவர் வீட்டில் பிடிப்பேன். முதல் ரேங்க் பிள்ளை வேண்டாம், நடுவில் இருக்கிற பிள்ளை. அதன் கணக்கு நோட்டைக் கேட்பேன். அழகாகக் கோடு போட்ட ஃபேர் நோட் வந்தால் ஓரம் வைத்துவிட்டு ரஃப் நோட்டைக் கேட்பேன், அதில்தான் பிள்ளை தானாக யோசித்துத் தப்பு பண்ணியிருக்கும்.

உதாரணத்துக்கு, போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். ஒரு எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைப் போல 5 மடங்கு, எண் என்ன என்பது கணக்கு. எக்ஸ் ஸ்கொயர் = 5 எக்ஸ் என்று சரியாக எழுதிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரு எக்ஸை அடித்துவிட்டு, எக்ஸ் = 5 என்று முடித்திருந்தாள். பூஜ்யமும் விடைதான், பூஜ்யத்தின் வர்க்கம் பூஜ்யம், பூஜ்யத்தின் 5 மடங்கும் பூஜ்யம். அவள் எக்ஸை அடித்தபோதே அந்த விடையும் சேர்ந்து அடிபட்டுப் போனது, ஏனென்றால் எக்ஸால் வகுக்கிறோம் என்றாலே எக்ஸ் பூஜ்யம் இல்லை என்று நாமாக முடிவு செய்துவிட்டோம். இது மிக நல்ல தப்பு. ஒரு பீரியட் முழுக்க இதை வைத்துப் பேசலாம். நோட்டில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, கீழே "கைடு பார்த்து 5 தடவை எழுது". அஞ்சு தடவையும் எழுதியிருந்தாள் பாவம், கையெழுத்து முத்து மாதிரி.

அந்த இடத்தில் "எக்ஸ் சைபரா இருந்தா அடிக்கலாமா?" என்று ஒரு வரி எழுதியிருக்கிற டீச்சர் எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ அங்கே சேருங்கள். கட்டிடம் பழசாக இருந்தாலும், ஸ்மார்ட் போர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். கணக்கு டீச்சர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள்? வருடத்துக்கு மூன்று பேர் மாறுகிற பள்ளிகள் இருக்கின்றன, சம்பளம் அப்படி.

சிபிஎஸ்இ பள்ளி, பையன் 9-ம் வகுப்பு. 10-ம் வகுப்புக்கு "பேசிக் மேத்ஸ்" எடுத்துவிடுங்கள் என்று பள்ளியில் வற்புறுத்துகிறார்கள். ஸ்டாண்டர்டுக்கும் பேசிக்குக்கும் என்ன வித்தியாசம்? பிற்காலத்தில் பாதிக்குமா?
ஒரு தாய், சென்னை

2020 பொதுத்தேர்விலிருந்து இந்த இரண்டு வகை இருக்கிறது. பாடம் ஒன்றுதான், புத்தகம் ஒன்றுதான், வகுப்பில் நடத்துவதும் ஒன்றுதான், 20 மார்க் இன்டர்னலும் ஒரே மாதிரி. கடைசியில் எழுதுகிற 80 மார்க் கேள்வித்தாள் மட்டும் வேறு, பேசிக் தாள் சுலபமாக இருக்கும். அதனால் "பேசிக் எடுத்தால் பையனுக்குப் பாரம் குறையும்" என்று பள்ளியில் சொன்னால், குறைவது அந்த 3 மணி நேரத்தில் மட்டும்தான்.

11-ம் வகுப்பில் கணக்கு எடுக்க முடியுமா என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். முதலில் பேசிக் எழுதியவர்களுக்கு 11-ல் கணக்கு இல்லை என்றுதான் விதி வைத்தார்கள். கொரோனா காலத்தில் தளர்த்தினார்கள், அந்தத் தளர்வு பிறகும் தொடர்ந்தது. ஆனால் அதில் ஒரு கொக்கி, பிள்ளைக்குக் கணக்கில் ஆர்வமும் திறமையும் இருக்கிறது என்று பள்ளி முதல்வருக்குத் திருப்தி வர வேண்டும். இப்போது பேசிக் எடுக்கச் சொல்கிற அதே முதல்வருக்குத்தான் நாளைக்குத் திருப்தி வர வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு இன்ஜினியரிங், பொருளாதாரம், கம்ப்யூட்டர் என்று எந்த ஆசை இருந்தாலும் ஸ்டாண்டர்டே எழுதட்டும், 10 மார்க் குறைந்தாலும் குடி முழுகாது. கணக்கு என்றாலே வயிறு கலங்குகிற பிள்ளை, 11-ல் கணக்குப் பக்கமே போகப் போவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தால் பேசிக் நல்ல ஏற்பாடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் பையனும். பள்ளியின் சராசரி மார்க் ஏறுமா இறங்குமா என்பது உங்கள் கவலை இல்லை.

டாக்டருக்குப் படிக்க ஆசை. கணக்கை விட்டுவிடலாமா?
10-ம் வகுப்பு மாணவி, தேனி

நீட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தான், கணக்கு இல்லை. விடலாம். ஆனால் கணிதத்தோடு உயிரியலும் உள்ள பிரிவு எடுத்தால் டாக்டர் சீட் கிடைக்காத பட்சத்தில் இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கும். அந்தச் சுமையைத் தூக்க முடியுமா என்பது உனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு மாமா சொன்னார் என்று மட்டும் எடுக்காதே.

எங்கள் பள்ளியில் 6-ம் வகுப்பிலிருந்தே "ஐஐடி ஃபவுண்டேஷன்", "வேதக் கணிதம்", "அபாகஸ்" என்று தனித்தனியாகப் பணம் வாங்குகிறார்கள். கட்டாயம் என்கிறார்கள். பலன் உண்டா?
ஒரு தந்தை, சேலம்

முதலில் பணம். 2009-ம் வருடச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டண நிர்ணயக் குழு என்று ஒன்று இருக்கிறது, உங்களுடையது மெட்ரிக் பள்ளி என்றால் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டாயம் என்று சொன்னால் கட்டாயம் என்று எழுதிக் கொடுங்கள், ரசீதும் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த நிமிடத்தில் கட்டாயம் "ஆப்ஷனல்" ஆகிவிடும்.

வேதக் கணிதம் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதியது, அவர் காலமான பிறகு 1965-ல்தான் புத்தகமாக வந்தது. அதில் உள்ள சூத்திரங்களை அதர்வ வேதத்தில் தேடிப் பார்த்த அறிஞர்களுக்கு அவை அகப்படவில்லை. சரி, பெயர் எப்படியோ போகட்டும், உத்திகள் சுவாரசியமானவைதான். 97 பெருக்கல் 96 என்ன? 100-க்கு 97 எத்தனை குறைவு, 3. 96 எத்தனை குறைவு, 4. 97-லிருந்து 4-ஐக் கழி, 93. 3-ஐயும் 4-ஐயும் பெருக்கு, 12. விடை 9312. பிள்ளை இதைச் சொல்லி முடித்ததும் ஆண்டு விழாவில் கை தட்டுவார்கள்.

அதோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம். ஏன் இப்படி வருகிறது என்று எந்தக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்க முடியும். 100 அடிக்கு 100 அடியில் ஒரு மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரம் சதுர அடி. ஒரு பக்கம் ரோடு போட 3 அடிப் பட்டை எடுத்துக்கொண்டார்கள், 300 போச்சு. இன்னொரு பக்கம் சாக்கடைக்கு 4 அடிப் பட்டை, 400 போச்சு. மிச்சம் 9300. ஆனால் ரோடும் சாக்கடையும் சேர்கிற மூலை, 3-க்கு 4 அடி, அதை இரண்டு தடவை கழித்துவிட்டோம், அந்த 12-ஐத் திரும்பக் கொடுக்க வேண்டும். 9312. ரியல் எஸ்டேட் பேசுகிற நம் வீடுகளில் இது புரியாத பிள்ளை இருக்காது. இந்தப் படத்தை நோட்டில் வரைந்து காட்டுகிற வகுப்பு என்றால் காசு கொடுத்தாலும் தகும். உத்தியை மட்டும் 16 தாளில் அச்சடித்துக் கொடுத்தால், யூடியூபில் சும்மாவே கிடைக்கிறது.

அபாகஸ் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தலில் வேகம் தரும், அவ்வளவுதான், 6-ம் வகுப்பில் எதற்கு? ஃபவுண்டேஷன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். பின்னம் கூட்டவே தடுமாறுகிற 11 வயதுப் பிள்ளைக்கு 9-ம் வகுப்பு இயற்கணிதத்தை இழுத்துவந்து நடத்துவது அஸ்திவாரம் இல்லை. இந்த வயதில் அஸ்திவாரம் என்பது பின்னமும் விகிதமும்தான், அதை நன்றாக நடத்தினால் போதும்.

என் பையன் 10-ம் வகுப்பு, கணக்கு வராது. பள்ளியில் "ஸ்லோ லேர்னர்" பட்டியலில் வைத்து ஜியாமெட்ரி, கிராஃப், ஒன் மார்க் மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். மற்ற பாடமே இல்லை. இப்படியே விடலாமா?
ஒரு தாய், கும்பகோணம்

உங்கள் பள்ளி போடுகிற கணக்கு எனக்குத் தெரியும், நானும் போட்டிருக்கிறேன். 100 மார்க் தாளில் செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஒன் மார்க் 14, மொத்தம் 30. ரெண்டு மார்க் கேள்வியில் மூன்று போட்டால் 36. பாஸ் 35. கடைசி இரண்டு மாதத்தில் முங்குகிற பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்ற இது உதவும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஜூலையிலிருந்தே இதை மட்டும் செய்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம், பிள்ளையைக் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆனால் அந்த கிராஃபையே வைத்துக்கூட ஏதாவது செய்யலாம். ஒய் = எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் என்பதை வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ் ஸ்கொயர் + 1 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். பையன் மேலே ஒன்று கீழே ஒன்று எழுதி, குறியை மாற்றிக் கழித்து, ஒய் = எக்ஸ் - 1 என்று ஒரு கோடு போடுவான், கோடு வளைவரையைத் தொடாது, "மெய்யெண் தீர்வு இல்லை" என்று எழுதி 8 மார்க் வாங்குவான். ஏன்டா கழிச்ச என்று கேட்டால், "மிஸ் கழிக்கச் சொன்னாங்க".

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இதை மட்டும் அவனுக்குச் சொல்லிப் பாருங்கள். நாம் தேடுகிற எக்ஸுக்கு எக்ஸ் ஸ்கொயர் + 1 என்பது சைபர். வரைந்த வளைவரையின் ஒய் என்பது எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ். அதையே (எக்ஸ் ஸ்கொயர் + 1) கூட்டல் (எக்ஸ் - 1) என்று இரண்டு துண்டாக எழுதலாம். முதல் துண்டு சைபர் ஆகிவிட்டால் ஒய்யாக மிஞ்சுவது எக்ஸ் - 1 மட்டும். அப்போ தேடுகிற புள்ளி வளைவரையிலும் இருக்கணும், அந்தக் கோட்டிலும் இருக்கணும், இரண்டும் சந்திக்கவே இல்லை என்றால் அப்படி ஒரு எண் இல்லை. கழித்தல் என்பது அந்த இரண்டாவது துண்டைப் பிரித்தெடுக்கிற வேலை. இது புரிய ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும். "ஸ்லோ லேர்னர்" என்று பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் இதை ஒரு தடவையாவது மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள் என்பது எனக்குச் சந்தேகம்.

வருடத்துக்கு இரண்டு, மூன்று "ஒலிம்பியாட்" தேர்வுக்குப் பள்ளியில் பணம் வாங்குகிறார்கள். பெண் மூன்று மெடல் வாங்கிவிட்டாள். இது உலக அளவிலான போட்டியா?
ஒரு தந்தை, திருநெல்வேலி

மெடலைப் பத்திரமாக வையுங்கள், பெண்ணைப் பாராட்டுங்கள், ஆனால் இல்லை. பள்ளிக்குள்ளேயே அப்ஜெக்டிவ் தாள் கொடுத்து நடத்துகிறவை தனியார் கம்பெனித் தேர்வுகள், கணிசமான பேருக்கு ஏதாவது ஒரு மெடல் உண்டு.

உலக ஒலிம்பியாடுக்குப் போகிற பாதை வேறு. முதல் படி ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வு. 3 மணி நேரம், 30 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் விடை 0-லிருந்து 99-க்குள் ஒரு முழு எண், ஆப்ஷன் கிடையாது, அதனால் குருட்டாம்போக்கில் அடிக்கிற வேலை அங்கே நடக்காது. அதில் தேறினால் வட்டார அளவில் ஆர்எம்ஓ, அப்புறம் தேசிய அளவில் ஐஎன்எம்ஓ, இரண்டிலும் நிரூபணத்தை முழுதாக எழுத வேண்டும். பிறகு பயிற்சி முகாம், கடைசியில் நாட்டுக்கு 6 பேர். 2024-ல் நம் அணி 4 தங்கத்தோடு 4-வது இடத்துக்கு வந்தது. உங்கள் பள்ளியில் ஐஓக்யூஎம் பற்றிக் கேட்டால் பாதிப் பள்ளிகளில் முழிப்பார்கள், ஏனென்றால் அதில் கமிஷன் இல்லை.

இன்னும் எளிதான தொடக்கம் வேண்டுமென்றால் சென்னையில் 1965-லிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்துகிற என்எம்டிசி என்ற கணிதத் திறன் தேர்வு. பழைய கேள்விகளை வாங்கி வந்து, மாதத்துக்கு நாலு போட்டாலும் போதும். சென்னைப் பக்கம் வந்தால் ராயபுரத்தில் 1993-ல் பி.கே. சீனிவாசன் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்தை விசாரித்துப் பாருங்கள். அவர் முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், பிள்ளைகளுக்குத் தாளை மடித்தும் வெட்டியும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ராமானுஜனைப் படம் போட்டு மாலை போடுகிற பள்ளிகள் சீனிவாசன் மாதிரி ஒரு வாத்தியாரை வேலைக்கு வைத்துக்கொள்ளுமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், எம்.எஸ்ஸி., பி.எட். நான்கு செக்‌ஷன், கிட்டத்தட்ட 190 நோட்டு. காலை 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறரை வரை ரிவிஷன் டெஸ்ட். 12-ம் வகுப்பில் இந்த வருடம் 15 சென்டம் டார்கெட். நீங்கள் எழுதப்போகும் பதிலில் எங்களைத் திட்டாமல் இருக்க முடியுமா?
ஊர் வேண்டாம்

மேலே எழுதியதைப் படித்திருந்தால் மன்னிக்கவும், கொஞ்சம் திட்டிவிட்டேன். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அந்த டீச்சர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 190 நோட்டுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதில் எங்கே உட்கார்ந்து "எக்ஸ் சைபரா இருந்தா?" என்று எழுதுவது? ஃபீஸ் கட்டுகிற பெற்றோர் ஏசி வகுப்பறையைக் கேட்கிறார்கள், டீச்சருக்கு எத்தனை நோட்டு என்று கேட்பதில்லை. கேளுங்கள் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். எல்லா நோட்டையும் திருத்துவதை விட்டு, நாளைக்கு 10 நோட்டை மட்டும் எடுத்து, அதில் அகப்படுகிற ஒரு நல்ல தப்பைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, எங்கே சறுக்கியது என்று வகுப்பையே கேளுங்கள். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்னால்தான் இதைக் கண்டுபிடித்தேன். சென்டம் குறையவில்லை, ஹெச்.எம். ஒன்றும் சொல்லவில்லை.

சார், "இரண்டு அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலன் 306, எண்களைக் காண்க" என்று டெஸ்டில் வந்தது. நான் 306-க்கு வர்க்கமூலம் 17-க்கும் 18-க்கும் நடுவில் வரும் என்று பார்த்து, 17 × 18 = 306 என்று எழுதினேன். மிஸ் 5-க்கு 1 மார்க் போட்டார். "இருபடிச் சமன்பாடு போடலை" என்கிறார். என் விடை சரிதானே?
10-ம் வகுப்பு மாணவன், விருதுநகர்

தம்பி, நீ யோசித்தது அருமையாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெருக்கற்பலன் 306 என்றால் இரண்டு எண்ணும் அதன் வர்க்கமூலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று இருக்கணும் என்று உனக்குத் தோன்றியதே, அதுதான் கணக்கு. 1 மார்க் கஞ்சத்தனம். ஆனால் பப்ளிக்கில் திருத்துகிறவருக்கு ஸ்டெப் மார்க் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் - 306 = 0 என்ற வரியை அவர் கண் தேடும், அதனால் அங்கே சமன்பாட்டையும் எழுதிவிடு, உன் வழியைப் பக்கத்தில் ஓரமாகப் போட்டுச் சரிபார்த்துக்கொள்.

இப்போது உன் மிஸ் பக்கமும் பார்ப்போம். அந்தச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தினால் 17 மட்டும் வராது, மைனஸ் 18-ம் வரும். மைனஸ் 18-ஐயும் மைனஸ் 17-ஐயும் பெருக்கிப் பார், அதுவும் 306. அவையும் அடுத்தடுத்த எண்கள்தான். உன் வழியில் அந்த ஜோடி கண்ணில் படவே இல்லை. கேள்வியில் "இயல் எண்கள்" என்று இருந்தால் நீ தப்பித்தாய், மிஸ்ஸிடம் தைரியமாகப் போய்ப் பேசு. "முழுக்கள்" என்று இருந்தால் பாதி விடைதான் எழுதியிருக்கிறாய். நீ எனக்கு எழுதிய கேள்வியில் வெறும் "எண்கள்" என்று இருக்கிறது. கேள்வித்தாளை எடுத்து அங்கே என்ன வார்த்தை இருக்கிறது என்று பார்த்து எழுது, அடுத்த இதழில் மார்க் போடுகிறேன்.